எத்தனை மீன் அடிப்பது?

வதனிக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. எழும்பி யன்னல் வரை போனாள். வந்து இருந்தாள். திரையில் அதே வரி அப்படியே நின்றது. ஞானேந்திரன், மொன்ட்ரியால்-நோர், நானூறு. பக்கத்தில் கணினி தன்பாட்டில் போட்ட சிவப்புத் திருத்தம்: ஐந்து.

நானூறு கேட்டவனை ஐந்தோடு வெட்டிவிட்டது கணினி. ஒரு வீட்டுக்கு ஐந்துக்கு மேல் இல்லை என்பது சட்டம். முகவராகப் பதியாத ஒருவர் அதற்கு மேல் கேட்டால் பதுக்குகிறவர் என்று கணக்கு. நல்ல சட்டம்தான். வதனியும் போன வருடம் அதற்குக் கை உயர்த்தியவள்.

மொன்ட்ரியாலுக்கு ஆற்றின் அக்கரையில், லொங்குய்யில் அவள் வேலை செய்த இடம் ஒரு தனியார் நாணயச்சாலை. அரசாங்கக் காசு அங்கே அடிப்பதில்லை. பசிபிக் சமுத்திரத்தில் ஒரு சின்னத் தீவு, தன் பெயரில் டொலர் அடித்து விற்கும் உரிமையை இவர்களுக்குக் கொடுத்திருந்தது. அந்தத் தீவுச் சனம் இந்த டொலரைக் கண்ணாலும் கண்டிராது. கடையில் கொடுத்துப் பாண் வாங்குகிற காசு இல்லை இது. தொடராக, ஒவ்வொரு தடவையும் வேறொரு மீனின் படம் பொறித்து, பளபளவென்று அட்டையில் வைத்து மூடி, சேகரிப்பவர்களுக்குப் பதினைந்து டொலருக்கு விற்கிற ஒரு டொலர். ஏன் வாங்குகிறார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா கேட்டாள். "விசரில" என்றாள் வதனி. அதைவிட நல்ல விளக்கம் இன்றைக்கும் அவளிடம் இல்லை.

குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படி ஏறியவள் அவள். புள்ளிவிபரம் படித்தாள். படித்து முடித்துவிட்டு இங்கே வந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்று: எத்தனை அடிப்பது என்று சொல்வது.

கேட்கச் சின்ன வேலை. முதலில் வரப்போகிற காசின் படம் போட்ட விளம்பரத் தாளை ஊரெல்லாம் அனுப்புவார்கள். தபாலிலும் தொலைபேசியிலும் முன்பதிவு வரும். தொடரில் எது வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற பழைய ஆட்கள் ஒரு பக்கம். மொத்தமாக எடுத்துப் பிறகு விற்கிற முகவர்கள் ஒரு பக்கம். படத்தைப் பார்த்து ஆசைப்பட்ட புதியவர்கள் ஒரு பக்கம். பழையவர்களில் இத்தனை பேர் சலித்து விலகுவார்கள், முகவர்கள் சொன்னதில் இவ்வளவைக் கடைசி நேரத்தில் குறைப்பார்கள் என்று கழித்துக் கூட்டினால் தேவை வரும். வதனி அந்தத் தேவையைச் சொல்வாள். அவளுடைய மேலாளர் மார்த்தீன் அதைவிடக் குறைந்த ஓர் எண்ணைச் சொல்வாள். அந்த எண்தான் அட்டையில் அச்சாகும். அவ்வளவையும் அடித்து முடித்ததும் அச்சைச் சிதைத்துவிடுவார்கள். பிறகு அழுதாலும் புரண்டாலும் ஒன்றுகூட அடிக்க முடியாது.

"விருந்து முடியும்போது கொஞ்சப் பேராவது பசியோடு எழும்ப வேண்டும். அவர்கள்தான் அடுத்த விருந்துக்கு முதலில் வருவார்கள்" என்பாள் மார்த்தீன். அந்த வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் வதனிக்கு எதையாவது தூக்கி எறிய வேண்டும்போல் இருக்கும். ஆனால் மார்த்தீன் சொல்வது பிழை என்று நிரூபிக்கவும் முடியாது. தொடரின் முதல் மீனைத் தேவைக்கு மிஞ்சி அடித்தார்கள். களஞ்சியத்தில் இன்னும் பெட்டி பெட்டியாகத் தூங்குகிறது. இரண்டாவதைக் குறைத்து அடித்தார்கள். ஒரு கிழமையில் பறந்துவிட்டது.

இப்போது மூன்றாவது மீன். 2008 சித்திரைக்கு முன் கைக்கு வரும் என்று தாளில் போட்டிருந்தார்கள். முன்பதிவைக் கழித்துக் கூட்டினால் தேவை ஆயிரத்து இருநூறு. மார்த்தீன் ஆயிரம் என்று மனதில் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை முடிவு. அந்த ஆயிரத்து இருநூறில் ஞானேந்திரனின் ஐந்துதான் இருந்தது, நானூறு இல்லை.

ஞானேந்திரன் யார் என்று வதனிக்குத் தெரியும். மொன்ட்ரியால்-நோரில் அவர்களுடைய கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி டெப்பனர் என்கிற மூலைக்கடை வைத்திருக்கிற மட்டக்களப்பு மனிதர். பாலும் பியரும் லொத்தர் ரிக்கற்றும் விற்கிறவருக்கு நானூறு மீன் எதற்கு?

அன்று பின்னேரம் ஆற்றுக்குக் கீழால் மெற்றோவில் வந்து, மாறி, பிறகு பேருந்துக்காக நின்றாள். அந்த வருடம் வானத்துக்கு வேறு வேலையே இருக்கவில்லை, பனிதான். சப்பாத்துக்குள் ஈரம் ஏறியது. எரிச்சலோடுதான் கடைக் கதவைத் தள்ளினாள்.

"வா மனே, வா!" ஞானேந்திரன் கல்லாவுக்குப் பின்னால் இருந்து கத்தினார். "கொம்மா செல்றா நீ லொங்குய்யில காசு அடிக்கிறயாம். நல்ல காசா, கள்ளக் காசா?"

"மாமா, நீங்க நானூறு மீன் காசுக்கு ஓடர் குடுத்தீங்களா?"

"குடுத்தன். குடுக்கப்படாதா?"

"உங்களுக்கு எதுக்கு நானூறு?"

"எனக்கு எதுக்கு நானூறு? எனக்குப் பத்து. மிச்சம் சனத்துக்கு." அவர் ரிக்கற் மெசினைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சித்திர வருசத்துக்குக் கைவிசேஷம் குடுக்கிறல்லா? ஒவ்வொரு வருசமும் வங்கியில போய், தாயே, புதுக் காசு தா எண்டு கேட்டா, அந்தப் பொம்புள ஊத்த புடிச்ச ஒரு டொலர் லூனியத் தூக்கித் தாறா. ஆயிரம் பேர்ர சட்டப் பைக்குள்ள கிடந்த காச வெத்திலையில வெச்சு, இந்தா மனே நல்லா இரு எண்டு குடுக்கேலுமா? இது கை படாத காசு. அதிலயும் மீன். மீன் பாடுற ஊர் மட்டக்களப்பானுக்கு மீன் போட்ட காசு. வேற என்ன வேணும்?"

பால் வாங்க வந்து நின்ற தியாகலிங்கம், யாழ்ப்பாணத்தார், இதற்காகவே காத்திருந்தவர்போலத் திரும்பினார். "மீனைக் கண்டா விடமாட்டியள் என்ன? பனங்காய் போட்டு அடிச்சாச் சொல்லுங்கோ பிள்ளை, நானும் ரெண்டு எடுக்கிறன்."

"பனங்காய் போட்டா அந்தக் காசு பொக்கற்றுக்க நார் நாராக் கிடக்கும் அண்ணே, எடுக்கேலாது" என்றார் ஞானேந்திரன்.

வதனி சிரிக்கவில்லை. "மாமா, ஒரு வீட்டுக்கு அஞ்சுதான் தருவாங்க. நீங்க ஒரு ஆள் ஒரு விலாசம். உங்கட நானூற கொம்பியூட்டர் அஞ்சு எண்டு வெட்டிட்டுது. மிச்சக் காசு திரும்பி வரும். எனக்கு அந்தச் சனத்திட பேரும் விலாசமும் தாங்க. வெள்ளிக்கு முதல்."

துடைத்த கை நின்றது. "பேரா?"

"பேர், விலாசம். அவ்வளவுதான்."

"என்னட்ட இல்ல. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு ஆள் இருக்கு. வந்து, எனக்கு நாப்பது, எனக்கு முப்பது எண்டு செல்லுவாங்க, காசத் தருவாங்க. யாருக்கு எண்டு நான் கேக்கிறல்ல."

"இப்ப கேளுங்க."

"கேட்டா ஓடரும் இல்ல, ஆளும் இல்ல. எங்கட சனம் கேட்ட காசக் குடுக்கும் புள்ள, பேரக் குடுக்காது. ரொக்ஸ்பரோவில வீடு வாங்கிப்போன ஆக்கள்கூட என்ர பேரிலதான் எடுக்கிறாங்க." பிறகு தாழ்ந்த குரலில், ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல், "உங்கட கட்டடத்து ஆள்ட்ட வேணுமெண்டாக் கேட்டுப் பாரன்" என்றார்.

"யார் அது?"

"கொம்மாதான்."

வீட்டுக்குப் போகிற இரண்டு தெருவும் வதனி ஓட்டமும் நடையுமாகப் போனாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா புஷ்பவதி குசினியில் சொதிக்குத் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நீங்க மீன் காசு எடுத்தீங்களா?"

"கட்டடத்துக்கு முப்பது. ஏன்?"

"நான் அங்கதானே வேல செய்றன்! அந்தக் காசு எத்தின எண்டு செல்றதே நான்தான். என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லாம ஞானேந்திரன் மாமாட்டப் போய்..."

"சொன்னாக் கத்துவாய்."

"நான் எங்க கத்தினன்?"

"இந்தா, இப்ப."

வதனி வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய்க்குள் கோபம் சுற்றிச் சுற்றி வந்தது. "சரி. நான் கத்தல. ஒரு தாள் தாறன். முப்பதும் யாருக்கு எண்டு எழுதித் தாங்க. உங்கட பேர முதல்ல எழுதுங்க."

"எழுத மாட்டன்."

"ஏன்? எத்தின வருசமா இந்த நாட்டில இருக்கிறம்? கரண்டுக்கு வாற ஹைட்ரோ பில் அப்பாட கூட்டாளிட பேரில. டெலிபோன் முன் வீட்டு அண்ணன்ட பேரில. இப்ப பதினஞ்சு டொலர்ச் சாமானுக்கும் டெப்பனர்க்காரன்ட பேர். எங்களுக்கெண்டு ஒரு பேர் இல்லையா? நாங்க எத்தின பேர் கேட்டாலும் அவங்களுக்கு ஒரு ஆள்தான். பிறகு எங்கள ஒருத்தரும் கணக்கெடுக்கிறாங்க இல்ல எண்டு அழுறது!"

புஷ்பவதி அடுப்பைக் குறைத்தாள். "என்ர கூடப் பிறந்தவன், உன்ர மாமன்ட பேரும் ஒரு தாளிலதான் இருந்திச்சு" என்றாள். "பள்ளிக்கூட முத்தத்தில எல்லாரையும் நிக்க வெச்சு ஆமிக்காரன் வாசிச்சான். பேர் வாசிக்காத ஆக்கள் எல்லாம் வீட்ட வந்தாங்க."

குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை. சொல்லிவிட்டு உப்புப் பார்த்தாள். வதனிக்கு அந்தக் கதை தெரியும். தெரிந்த கதைக்கு எதிராக வாதாட ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. சாப்பிடாமல் அறைக்குள் போய், படுக்காமல், அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். நானூறை எண்பது வீடாகப் பிரித்து, எண்பது பெயரைக் கற்பனையில் எழுதி, கணினியில் ஏற்றிவிடலாம். ஒருவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அப்போது கணக்கில் வரப்போவது இல்லாத எண்பது பேர். இருக்கிற சனம் பழையபடி ஒரு டெப்பனர்க்காரன்தான். அந்த யோசனையைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் மார்த்தீனின் அறைக் கதவைத் தட்டிவிட்டு, பதில் வரமுன்னரே உள்ளே போனாள்.

"நானூறு ஓடர் ஒன்றைக் கணினி வெட்டியிருக்கிறது. அது பதுக்கல் இல்லை. உண்மையான தேவை. அதையும் சேர்த்தால் தேவை ஆயிரத்து அறுநூறு. நாம் ஆயிரத்து நானூறு அடிக்க வேண்டும்."

மார்த்தீன் கெட்டிக்காரி. ஐம்பது வயது, கண்ணாடி தலைமயிரில், எந்தப் பேச்சிலும் முதலில் சிரிப்பாள். தாளை வாங்கிப் பார்த்தாள். "ஒரே ஆள், ஒரே விலாசம், கடைக்காரன். வதனி, இவன் விற்கத்தான் எடுக்கிறான். நாங்கள் விற்றுமுடித்த மறுநாள் இணையத்தில் இரட்டை விலைக்குப் போடுவான்."

"போட மாட்டார். அது ஒரு சனத்தின் ஓடர்."

"பெயர்கள்?"

"தரமாட்டார்கள். நானும் கேட்டு அலுத்துப்போனேன். ஏன் என்று கேட்டால் சொல்வேன், ஆனால் அது இந்தக் கூட்டத்தில் சொல்கிற கதை இல்லை."

மார்த்தீன் கேட்கவில்லை. வதனி கைவிசேஷத்தைச் சொன்னாள். புதுவருடத்தில் நல்ல நேரம் பார்த்து, வீட்டில் மூத்தவர் வெற்றிலையில் காசு வைத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார்; வாங்கியவர் அதைச் செலவழிக்காமல் சாமிப் படத்தடியில் வைப்பார்; அதை விற்கிறது என்றால் அந்த வருடத்தின் நன்மையையே விற்கிற மாதிரி. "ஒன்றுகூடச் சந்தைக்குத் திரும்பி வராது" என்று முடித்தாள்.

மார்த்தீன் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். "ஒன்றுகூட?"

"ஒன்றுகூட."

"அப்படியென்றால் இது அற்புதம்." அவள் பேனையை எடுத்துவிட்டாள். "எண் ஆயிரமாகவே இருக்கட்டும். நானூறு உன் ஆட்களுக்கு. அது போனால் போனதுதான், திரும்பி வராது. மிச்சம் அறுநூறு, அதற்கு ஆயிரத்து இருநூறு கை நீளும். முதல்நாள் மத்தியானத்துக்குள் முடியும். அந்தக் கடைக்காரரை முகவராகப் பதிந்துவிடு. அப்போது ஐந்து என்ற சட்டம் தடுக்காது. முகவருக்கு முன்பணம், திருப்பி எடுக்க மாட்டோம். கையெழுத்து ஒன்று போதும்."

"நான் ஆயிரத்து நானூறு கேட்டேன்."

"நீ ஓடரை ஏற்கச் சொன்னாய், ஏற்றுக்கொண்டேன்." மார்த்தீன் சிரித்தாள். "இப்படி வேறு சனங்கள் இருந்தாலும் சொல். வாங்கி ஒளித்து வைக்கிற சனம்."

வதனி கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள், கொஞ்சம் பலமாகவே. கேட்ட நானூறு கிடைத்தது. கேட்ட காரணத்துக்காகக் கிடைக்கவில்லை. அவளுடைய சனம் கணக்கில் வந்துவிட்டது, மற்றவனுக்குப் பசி கூட்டுகிற கணக்கில்.

ஆனாலும் வியாழன் பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது, ஞானேந்திரன் கூடத்தில் தேத்தண்ணியோடு இருப்பதைக் கண்டதும், அவளால் பெருமையை அடக்க முடியவில்லை. முகவர் தாளை மேசையில் போட்டாள். "இதில ஒரு கையெழுத்து வெய்ங்க மாமா. நானூறும் வரும். ஒருத்தர்ட பேரும் தேவையில்ல."

"ஆ! படிச்ச புள்ள எண்டாப் படிச்ச புள்ளதான்." அவர் கையெழுத்தை வளைத்து வளைத்துப் போட்டார். "எல்லாமா எத்தின அடிக்கிறாங்க மனே?"

"ஆயிரம்."

கோப்பை பாதி வழியில் நின்றது. "ஆயிரமா? ஊர் முழுக்கத் தாள் வந்திச்சே. ஆயிரத்தில நானூறு எங்களுக்கா?"

"ஓம். அதுக்கென்ன?"

புஷ்பவதி குசினி வாசலுக்கு வந்துவிட்டாள். "மேல்மாடி மதாம் ஜோசெப்பும் அந்தத் தாளப் பாத்திட்டு, தனக்கும் வேணுமெண்டு நிண்டவ. அவக்குக் கிடைக்குமா?"

"கஷ்டம். மத்தவங்களுக்கு அறுநூறுதான். அடிபட்டு வாங்கவேணும்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வதனிக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

"பந்தியில முதலாவதா இருந்திட்டு, கறிச் சட்டியோட தூக்கின மாதிரியல்லா இருக்கு" என்றார் ஞானேந்திரன்.

"ஒண்டுமில்ல. நீங்க கேட்டீங்க, காசு கட்டினீங்க, வாங்குறீங்க. பேசாம இருங்க."

"கைவிசேஷம் குடுக்கிற காசு புள்ள. அடுத்தவன் வெறுங்கையோட பாத்துக்கொண்டு நிக்கக்குள்ள என்னெண்டு குடுக்கிற?"

"ஒவ்வொருத்தரும் பாதியாக் குறைச்சாப் போச்சு" என்றாள் புஷ்பவதி, இன்றைக்குச் சீனி குறைவாகப் போடுவோம் என்கிற மாதிரி. "பெரியாக்களுக்கு வேணாம், சின்னதுகளுக்கு மட்டும்."

"குறைக்காதீங்க!" வதனி எழும்பிவிட்டாள். "நான் அந்தப் பொம்புளயோட எவ்வளவு சண்ட புடிச்சு வாங்கினது தெரியுமா? ஒண்டையும் தொடாதீங்க."

"சரி மனே, சரி. இரு. தேத்தண்ணி குடி" என்றார் ஞானேந்திரன். சரி என்று அவர் சொன்னால் சரி இல்லை என்று அர்த்தம் என்பதை அவள் யோசித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கூட்டத்துக்குப் போனபோது மார்த்தீன் முன்னமே வந்து இருந்தாள். சிரிக்கவில்லை.

"உன் கடைக்காரர் விடியவே தொலைபேசி எடுத்திருக்கிறார். நானூறை இருநூறாகக் குறைத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, மற்றவர்களுக்கும் வேண்டுமே என்றாராம். தொலைபேசியில் ஓடர் எடுக்கிற எங்கள் பெட்டைக்கு அவருடைய பிரெஞ்சு விளங்கவில்லை என்று நினைக்கிறேன்."

"விளங்கியிருக்கிறது. அதைத்தான் சொல்லியிருப்பார்."

"எப்படியோ." மார்த்தீன் தாளில் ஆயிரத்தை வெட்டினாள். மேலே எழுதினாள்: எண்ணூறு.

வதனி அந்த எண்ணைப் பார்த்தாள். ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு முழுவதும் விளங்கியது. "ஏன் எண்ணூறு? ஆயிரம் அடித்தால் மற்றவர்களுக்கு எண்ணூறு கிடைக்குமே. அதற்காகத்தானே அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள்!"

"மற்றவர்களுக்கு அறுநூறு என்று முடிவெடுத்தாயிற்று. ஆயிரத்து இருநூறு கைக்கு அறுநூறு. அந்த அளவுப் பசி இருந்தால்தான் நாலாவது மீன் ஓடும். அது மாறாது. உன் ஆட்கள் இருநூறு, மற்றவர்கள் அறுநூறு, ஆகமொத்தம் எண்ணூறு." தாளை வதனி பக்கம் தள்ளினாள். கீழே அவளுடைய கையெழுத்துக்கு இடம் இருந்தது.

அவளுடைய சனம் தங்கள் பங்கில் குறைத்த இருநூறு காசு ஒருவருக்கும் போகவில்லை. மதாம் ஜோசெப்புக்கும் இல்லை, வேறு எந்தச் சீவனுக்கும் இல்லை. விட்டுக்கொடுத்ததை எடுத்துக்கொள்ள ஆள் இல்லாமல் இல்லை. அதை அடிக்காமலே விடுகிறார்கள். அரிதாகிவிட்டது என்று கேள்விப்பட்டால் முண்டியடித்துக் கூடக் கேட்கிற மனிதரைத்தான் அவளுக்குப் படிப்பித்திருந்தார்கள். கேள்விப்பட்டுக் குறைத்துக்கொள்கிற மனிதருக்கு அவளுடைய சூத்திரத்தில் ஓர் எழுத்தும் இல்லை.

அவள் கையெழுத்து வைக்கவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து, மார்த்தீன் பார்த்திருக்க, அங்கேயே நின்றபடி அடித்தாள்.

"மாமா! குறைக்காதீங்க எண்டு சொன்னன்ல?"

"மனே, சனம் எல்லாம் ஓம் எண்டிட்டுது. ஒருத்தரும் மூஞ்ச நீட்டல்ல. நீ கோவிக்காத."

"நீங்க விட்ட இருநூறும் ஆருக்கும் போகல்ல."

"போகல்லயா? ஆர் எடுத்தது?"

"ஒருத்தரும் எடுக்கல்ல. அடிக்கவே மாட்டாங்களாம்."

அந்தப் பக்கம் கல்லா திறந்து மூடியது. யாரோ லொத்தர் கேட்டார்கள். "ஒரு நிமிசம் மிசியே" என்று தமிழும் பிரெஞ்சுமாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். "ஏன் அடிக்காம? தகடு முடிஞ்சிட்டா?"

"தகடும் இருக்கு, மெசினும் இருக்கு. சனம் இல்லையே இல்லையே எண்டு திரியவேணும். அதுதான் இவங்கட வியாபாரம்."

"இதுக்கா மனே நீ படிச்ச?" என்று கேட்டார். குத்துவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினார். அதனால்தான் கூட நொந்தது.

"ஓம். இதுக்குத்தான் படிச்சன். இப்ப சொல்லுங்க, எத்தின?"

"நாங்க எடுத்தாத்தான் அடிப்பாங்களா?"

"நீங்க எத்தின கூட எடுக்கிறீங்களோ, அத்தின கூட அடிப்பாங்க. உங்களத் தவிர மத்த ஆக்களுக்கு அறுநூறுக்கு மேல ஒண்டும் இல்ல."

"எடுத்தத நாங்க வேற ஆக்களுக்குக் குடுக்கலாமா? எடுத்த விலைக்கு?"

"உங்கட சாமான், உங்கட விருப்பம். ஆனாக் காசு முதல்ல கட்டணும். மிஞ்சினாத் திருப்பி எடுக்கமாட்டாங்க."

"அப்ப அறுநூறு போடு."

"மாமா, யோசிச்சா செல்றீங்க?"

"யோசிக்கிறவன் இந்தப் பனிக்குள்ள கட போடுவானா? நானூறு எங்கட சனத்துக்கு. இருநூறு இந்தத் தெருவில கேக்கிற சனத்துக்கு. போடு புள்ள, ரிக்கற்றுக்கு ஆள் நிக்குது." வைத்துவிட்டார்.

"என்ன சொன்னார்?" என்றாள் மார்த்தீன்.

"அறுநூறு."

"இருநூறு என்றவர் அறுநூறா? ஏன்?"

"மற்றவர்களுக்குக் கிடைக்கட்டும் என்று குறைத்தார். நீங்கள் கொடுக்கவில்லை, அதனால் கூட்டினார்."

மார்த்தீன் அவளையே பார்த்தாள். இந்தத் தடவையும் அவளிடம் தயாரான சிரிப்பு ஒன்றும் இருக்கவில்லை. "அந்த இருநூறை விற்கப்போகிறார்களா? நீ விற்கமாட்டார்கள் என்றாய்."

"எடுத்த விலைக்குக் கொடுக்கப்போகிறார்கள். பக்கத்து வீட்டுக்கு. முன்பணம் கட்டுகிற முகவர் யாருக்குக் கொடுக்கிறார் என்று நாங்கள் இதுவரை கேட்டதில்லை. மற்ற முகவர்கள் இரட்டை விலைக்கு விற்கும்போதும் கேட்டதில்லை."

மார்த்தீன் பேனையை மேசையில் தட்டிக்கொண்டிருந்தாள். முன்பணம். திரும்பி வராத சரக்கு. வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் இல்லை என்பது வதனிக்குத் தெரிந்தது. கணக்கில் கெட்டிக்காரியோடு வேலை செய்வதில் அது ஒரு வசதி. எண்ணூறு வெட்டுப்பட்டது. ஆயிரத்து இருநூறு என்று எழுதி, தாளைத் திருப்பி வைத்தாள் மார்த்தீன். வதனி கையெழுத்து வைத்தாள். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி வைத்தாள்.

மேசைக்கு வந்து சேரமுன்னரே அம்மாவின் அழைப்பு வந்தது.

"ஞானேந்திரன் அறுநூறு எண்டிட்டாராமே! ஒவ்வொருத்தரும் குறைச்சது ஒரு பக்கம், இப்ப எல்லாரும் கூட்டுறது ஒரு பக்கம். அந்த மனுசன்ட வாயில சொல்லிக் குடுத்தது நீதானே?"

"இல்ல. அவரே சொன்னார்."

"மிச்சம் இருநூற ஆர் வாங்குற? அந்தாள்ட கட முழுகப்போகுது."

"முழுகாது. நான் வீடு வீடாப் போய்க் குடுக்கிறன்."

"நீயா? நீ ஒரு கதவு தட்டியிருக்கிறயா பிறந்த நாள் தொடக்கம்?"

"இண்டைக்குத் தட்டுறன்" என்றாள் வதனி.

வரவேற்பு மேசையில் மிஞ்சிக் கிடந்த விளம்பரத் தாள்களை அள்ளிப் பைக்குள் திணித்தாள். நேரத்தோடு கிளம்புகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மெற்றோவில் இருக்க இடம் கிடந்தும் இருக்கவில்லை. பெயர் கேட்கப் போவதில்லை. ஒரு பெயரும் எழுதப் போவதில்லை. காசும் கதவும் போதும்.

மேல்மாடியில் மதாம் ஜோசெப் கதவைத் திறந்தபோது உள்ளிருந்து வாழைக்காய் பொரிக்கிற மணம் வந்தது. கெயிட்டியில் இருந்து வந்து இருபது வருடம், அத்தனை வருடமும் அதே வீடு. வதனி தன் வாழ்க்கையில் அவளிடம் "போன்ஜூர்" என்ற சொல்லுக்கு மேல் பேசியதில்லை.

"மீன் காசு" என்று பிரெஞ்சில் சொல்லித் தாளை நீட்டினாள். "நீங்கள் கேட்டீர்கள் என்று அம்மா சொன்னார். எத்தனை?"

"கிடைக்காது என்றாளே உன் அம்மா? ஒன்று இருந்தால் போதும், பிள்ளை."

"ஒன்று போதாது. பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்?"

மதாம் ஜோசெப் விரல் மடித்தாள், பெயர் சொல்லிச் சொல்லி. "ஏழு."

"அப்ப ஏழு" என்றாள் வதனி. அந்த மனுசி கைப்பையைத் தேடி உள்ளே போன இடைவெளியில், பொறுக்க முடியாமல், எதிர்க் கதவைத் தட்டினாள்.